மேசைக்கு அந்தப் பக்கம்: கட்டுமாவடிக் கரையில் குடும்ப டாக்டரின் ரகசியங்கள்

டாக்டர் அறையில் நமக்கு வாய்த்தது எப்போதும் ஒரே இடம்தான், அந்தச் சின்ன ஸ்டூல். நாக்கை நீட்டச் சொன்னால் நீட்டுவோம். மூச்சை இழுத்து விடச் சொன்னால் விடுவோம். சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுவோம். மேசைக்கு அந்தப் பக்கம், அந்த நாலைந்து நிமிஷத்துக்குள், ஒருவர் மண்டைக்குள் என்னவெல்லாம் ஓடுகிறது தெரியுமா? தெரிந்தால் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவே மனசு வராது! அதைத்தான் இன்று எட்டிப் பார்க்கப் போகிறோம். அதற்குக் கட்டுமாவடியைவிடத் தோதான ஊர் கிடைக்காது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சேதுபாவாசத்திரம் தாண்டித் தெற்கே வந்தால், தஞ்சாவூர் மாவட்டம் முடிந்து புதுக்கோட்டை மாவட்டம் தொடங்குகிற இடம் அது. முன்னால் பாக் நீரிணை, எதிர்க்கரையில் யாழ்ப்பாணம். நாட்டுப்படகு, வலை, நண்டு, இறால், மீன் ஏலம், ஐஸ் பெட்டி ஏற்றுகிற வண்டிகள். கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினால் தென்னந்தோப்பும் வயலும். கடலுக்குப் போகிறவர், கூடையில் மீன் விற்கிறவர், தேங்காய் பறிக்கிறவர், களை எடுக்கிறவர், வெளிநாட்டில் சம்பாதித்துத் திரும்பியவர் என்று அத்தனை பேரும் ஒரே பெஞ்சில் காத்திருக்கிற கரை இது. ஒரு பக்கம் கடல் கடிக்கும், இன்னொரு பக்கம் தரை கடிக்கும். இங்கே உட்காருகிற டாக்டர் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தாலும் சரி, கடைவீதியில் சொந்தமாக கிளினிக் வைத்திருந்தாலும் சரி, கதவைத் திறந்து அடுத்து வரப்போவது என்ன என்று அவருக்கே தெரியாது. அதுதான் இந்த வேலையின் சுவாரஸ்யம்!

விடிகிற நேரம். ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "ராத்திரி நல்லாத்தான் படுத்தாப்ல டாக்டர். வெள்ளன எந்திரிச்சு வயிறு வலிக்குதுன்னாரு. இப்பப் பாருங்க, கண்ணு சொருகுது." உடம்பில் காயம் இல்லை, கடித்த தடம் இல்லை. உடன் வந்தவர்கள் நேற்றைய சாப்பாட்டைச் சந்தேகிக்கிறார்கள். டாக்டர் கேட்கிற முதல் கேள்வி சாப்பாட்டைப் பற்றியே இல்லை. "கட்டில்ல படுத்தாரா, தரையிலயா?"

தரையில் என்றதும் அவருக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. கட்டுவிரியன்! ராத்திரியில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடி வலிக்காது, தடமும் பெரும்பாலும் தெரியாது. விடியும்போது வயிற்றுவலி வரும், இமை தொங்கும், பிறகு மூச்சுத் தசை தளரும். அடுத்து டாக்டர் ஒரு விளையாட்டு போலச் சொல்வார்: "ஒரே மூச்சுல ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுங்க பார்ப்போம்." எத்தனை வரை எண்ண முடிகிறது என்று அவர் காது குறித்துக்கொள்கிறது. சற்று நேரம் கழித்து மறுபடி எண்ணச் சொல்வார். எண்ணிக்கை குறைந்தால் மூச்சு பலவீனப்படுகிறது. கருவி கிடையாது, கரன்ட் வேண்டாம், செலவு ஒரு பைசா இல்லை. விஷமுறிவு மருந்து ஏற்றுவதும், செயற்கை சுவாசம் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு 108-ஐ வரவழைப்பதும் இந்த எண்ணலைக் கேட்டுக்கொண்டே நடக்கும். நாம் சினிமாவில் பார்க்கிற துப்பறிவாளர்கள் எல்லாம் இந்த ஒரு கேள்விக்கு முன்னால் எந்த மூலைக்கு!

இதே கரையில் கொஞ்சம் உள்ளே தள்ளி, செங்கல் அடுக்கிலும் விறகுக் கட்டிலும் தேள் இருக்கும். தேள் கொட்டிய குழந்தை வந்தால் எல்லோரும் கொட்டுவாயைப் பார்ப்பார்கள். விவரம் தெரிந்த டாக்டர் குழந்தையின் கையைத் தொட்டுப் பார்ப்பார். கை சில்லென்று இருக்கிறதா? வேர்த்துக் கொட்டுகிறதா? வாந்தி உண்டா? இந்த மூன்றும் இருந்தால் விஷம் இதயத்தை நோக்கிப் போகிறது என்று பொருள். வலி மட்டும் இருந்து கை கதகதப்பாக இருந்தால் மனசு கொஞ்சம் நிம்மதியாகும்.

இந்த அறிவு எங்கிருந்து வந்தது தெரியுமா? இதைச் சொல்லத்தான் எனக்கு இவ்வளவு நேரம் கை பரபரத்தது. பெரிய ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து வரவில்லை. மகாராஷ்டிரத்தின் கொங்கணக் கரையில், ராய்கட் மாவட்டத்து பிர்வாடி என்ற ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வந்தது! ஹிம்மத்ராவ் பவாஸ்கர் என்ற இளம் டாக்டர் 1970களில் அங்கே வேலைக்குப் போனார். செந்தேள் கொட்டியவர்கள் வந்தார்கள், நுரையீரலில் நீர் கோத்து இறந்தார்கள். பாடப் புத்தகத்தில் தேள்கடிக்கு உருப்படியாக ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவர் என்ன செய்தார்? நோயாளியின் கட்டிலருகிலேயே உட்கார்ந்தார். மணிக்கு மணி நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம், வேர்வை, கையின் குளிர்ச்சி எல்லாவற்றையும் நோட்டில் எழுதினார். விஷம் ரத்தக் குழாய்களை இறுக்கி, இதயத்தைத் திணற வைக்கிறது என்று அந்தக் குறிப்புகளே அவருக்குச் சொல்லிக்கொடுத்தன. 1982ல் அவர் கவனிப்பு லண்டன் 'லான்செட்' இதழில் வந்தது. அப்புறம்தான் அந்த அற்புதம்: பிரஷருக்குக் கொடுக்கிற மலிவான மாத்திரை பிராசோசின், இறுகிய குழாய்களைத் தளர்த்துமே, அதைக் கொடுத்துப் பார்ப்போமா என்று யோசித்தார். கொடுத்தார். அவரிடம் வந்த கடுமையான தேள்கடி நோயாளிகளில் 100க்கு 40 பேர் அளவில் இருந்த சாவு, 1 அளவுக்கு இறங்கியது.

நாற்பதிலிருந்து ஒன்று! ஒரு மாத்திரையால்! பிறகு மஹாட் என்ற ஊரில் மனைவி டாக்டர் பிரமோதினியோடு சின்ன மருத்துவமனை நடத்திக்கொண்டே, சுற்று வட்டாரத்து டாக்டர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார், கிராமங்களுக்குப் போய் மக்களிடமும் பேசினார். தேள் விஷமுறிவு மருந்தையும் பிராசோசினையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் சீக்கிரம் குணமாகிறதா என்று முறையாகச் சோதித்து 2011ல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில்' வெளியிட்டார். ஆமாம், சீக்கிரம் குணமானது. 2022ல் பத்மஸ்ரீ வந்தது. வைத்தியம், ஆராய்ச்சி, ஊருக்குச் சொல்லிக்கொடுத்தல் என்று நாம் மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிற வேலைகள் இந்த மனிதரிடம் ஒரே வேலையாக இருந்தன. கட்டிலருகில் கண்டதை எழுதினார், எழுதியதைச் சோதித்தார், சோதித்ததை ஊருக்குச் சொன்னார். குடும்ப டாக்டரின் மேசை என்பது இவ்வளவு பெரிய இடம்!

சரி, இப்போது கடல் பக்கம் வருவோம். கட்டுமாவடியில் மேசையைத் தட்டுகிற கேஸ்கள் வேறு. வலையை உதறும்போது திருக்கை வாலால் அடித்துவிடும். கெளுத்தி முள் உள்ளங்கையில் ஏறிவிடும். சொறி மீன் பட்ட இடம் கயிறு கயிறாகத் தடித்துவிடும். திருக்கை முள் குத்திய வலி என்றால், கடலையே தொழிலாகக் கொண்டவர் கதறி அழுகிற வலி. வந்தவுடன் டாக்டர் என்ன கேட்பார் என்று நினைக்கிறீர்கள்? ஊசியையா? "யம்மா, அந்த வென்னீரக் கொண்டாங்க!"

சுடுநீர்தான். பொறுக்கக்கூடிய சூடு, ஏறக்குறைய 45 டிகிரி செல்சியஸ். அதில் அடிபட்ட காலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி வரை வைத்திருக்க வேண்டும். மீன் முள்ளின் விஷம் சூட்டில் வலுவிழக்கும் புரதம். வலி இறங்குவதைப் பக்கத்திலிருந்தே பார்க்கலாம், முகம் மலர்வது தெரியும். அடிபட்ட காலுக்குச் சூடு உறைக்காது என்பதால், அடிபடாத கையை விட்டுப் பார்த்துத்தான் நீரின் சூட்டைச் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் விஷம் போய்ப் புண் வந்து சேரும். முள் நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தி நின்றால் பிடுங்கவே கூடாது, அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

வலி இறங்கிய பிறகு டாக்டர் சும்மா பேச்சுக்குக் கேட்பது போல ஒன்று கேட்பார்: "அண்ணே, உங்களுக்குச் சுகர் இருக்கா? ஈரல் கெட்டிருக்குன்னு யாராச்சும் சொல்லிருக்காங்களா?" அது பேச்சுக்குக் கேட்டது இல்லை! கடல்நீரில் விப்ரியோ என்ற கிருமி வகை உண்டு. நல்ல உடம்பில் சின்ன முள்காயம் ஆறிவிடும். சர்க்கரை நோயோ ஈரல் நோயோ இருப்பவருக்கு அதே காயம் ஒரே நாளில் கையையும் உயிரையும் பறிக்கிற அளவுக்குப் பரவக்கூடும். ஒருவரை இன்றே ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்புவதா, மருத்துவமனையில் சேர்ப்பதா என்பது அந்த ஒரு பதிலில் இருக்கிறது. அதே குடும்பத்தைப் பத்து வருஷமாகப் பார்க்கிற டாக்டருக்கு இந்தக் கேள்வியைக் கேட்கவே வேண்டியதில்லை. "நீங்க மாத்திரையை ஒழுங்காப் போடறதில்லையே" என்று நேராகவே தொடங்கிவிடுவார்.

கடல்பாம்பு இன்னும் விசித்திரமானது. கடித்தது பல நேரம் வலிக்கவே வலிக்காது. பெரும்பாலான கடிகளில் விஷமும் இறங்காது. இறங்கிவிட்டாலோ, சில மணி நேரத்தில் உடம்பெல்லாம் தசை வலிக்கும், கழுத்தும் தாடையும் இறுகும், பிறகு சிறுநீர் கறுத்துப் போகும். நம் நாட்டில் கிடைக்கிற பாம்பு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கு தரைப்பாம்புகளுக்குத்தான். கடல்பாம்புக்கு அது வேலை செய்யாது. அதனால் இங்கே டாக்டரின் முழுத் திறமையும் காத்திருந்து கவனிப்பதில் இருக்கிறது: சிறுநீர் நிறம் மாறுகிறதா, வாய் திறக்க முடிகிறதா, சிறுநீரகம் தாங்குகிறதா, டயாலிசிஸ் வசதி உள்ள இடத்துக்கு எப்போது அனுப்புவது.

இதையும் ஒருவர் மீனவர்களிடமே கற்றுக்கொண்டார். 1950களில் மலாயாவின் பினாங்கு பொது மருத்துவமனையில் அலிஸ்டெயர் ரீட் என்ற மருத்துவர் இருந்தார். கடல்பாம்புக் கடியில் மனிதர்கள் இறப்பதைப் பார்த்தார். மருத்துவமனைக்கு வந்தவர்களோடு நிறுத்திக்கொள்ளாமல், லிம் என்ற சக ஆய்வாளரோடு சேர்ந்து வடமேற்கு மலாயாவின் மீனவ கிராமங்களையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்! யாரைக் கடித்தது, எந்த வேலையில் கடித்தது, பிறகு என்ன ஆனது என்ற விவரமெல்லாம் 1957ல் அச்சில் வந்தது. கறுத்த சிறுநீர் ரத்தம் இல்லை, அழிந்த தசையிலிருந்து வரும் மயோகுளோபின் என்பதையும் 1961ல் எழுதினார். இன்று உலகம் முழுவதும் மருத்துவ மாணவர்கள் கடல்பாம்பு பற்றிப் படிப்பதில் பெரும்பகுதி அந்த மீனவர்கள் அனுபவத்திலிருந்து வந்தது. மலாயா மீனவரின் வலையும் நம் கட்டுமாவடி மீனவரின் வலையும் இந்த விஷயத்தில் ஒரே வலைதான். ஒரு ரீட் இங்கே இருந்து எழுதினால் எப்படி இருக்கும் என்று நினைக்கும்போதே எனக்குச் சிலிர்க்கிறது.

எழுதுவது என்றால் பெரிய ஏற்பாடு என்று யாரும் பயப்பட வேண்டாம். இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பள்ளத்தாக்கின் ஆய்ஸ்கார்த் கிராமத்தில் வில்லியம் பிக்கிள்ஸ் என்ற ஊர் டாக்டர் செய்தது இதுதான்: எந்தத் தேதி, எந்த ஊர், யாருக்கு என்ன தொற்று. அவ்வளவே! மனைவி உதவியோடு அதை வரைபடமாக்கினார். 1929ல் அந்தப் பள்ளத்தாக்கில் மஞ்சள் காமாலை பரவி 250 பேருக்கு மேல் படுத்தார்கள். யார் யாரைச் சந்தித்தார், எந்தத் திருவிழாவில் கூடினார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அதனால் தொற்றி எத்தனை நாள் கழித்துக் காமாலை வெளிப்படுகிறது என்று கணக்குப் போட்டுவிட்டார், ஏறக்குறைய ஒரு மாதம். பெரிய நகரத்து நிபுணரால் முடியாதது அது. அவருக்குக் கல்யாணம் காட்சி தெரியாதே! யார் வீட்டுப் பெண் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள், யார் எந்தப் படகில் போகிறார் என்று தெரிந்த டாக்டர்தான் தொற்றின் வழியைப் பின்தொடர முடியும். 1939ல் வந்த பிக்கிள்ஸின் புத்தகம் இன்னமும் பேசப்படுகிறது.

இன்னொரு ரகசியத்துக்கு வருவோம். "ரெண்டு நாள் கழிச்சு வாங்க." இதைக் கேட்டு எரிச்சல்பட்டிருக்கிறீர்களா? இனி படாதீர்கள். குடும்ப டாக்டரின் பையில் இருக்கிற பரிசோதனைகளில் மிகக் கூர்மையானது இதுதான். முதல் நாள் காய்ச்சல் எல்லாமே ஒரே மாதிரி இருக்கும். மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் என்று போகப் போகத்தான் டெங்கு ஒரு பக்கம், டைபாய்டு ஒரு பக்கம் என்று பிரியும். நாள் ஓடட்டும் என்று விடுவதும் ஒரு சோதனைதான். ஆனால் எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும். "வாந்தி நிக்காம இருந்தா, மூச்சு வாங்கினா, ஒண்ணுக்குப் போறது கொறஞ்சா, ரெண்டு நாள் பார்க்காதீங்க, ராத்திரியா இருந்தாலும் ஓடியாங்க" என்று அவர் சேர்த்துச் சொல்கிற அந்த வாக்கியம்தான் உயிரைக் காக்கிற பகுதி. அதை நாம் பெரும்பாலும் காதில் வாங்காமல் எழுந்து விடுகிறோம்!

அதே காய்ச்சலோடு டாக்டர் ஏன் அக்குளைத் தூக்கிப் பார்க்கிறார், இடுப்பு மடிப்பை ஏன் பார்க்க வேண்டும் என்கிறார் என்று கூச்சமாகக்கூட இருக்கும். அவர் தேடுவது ஒரு சின்னக் கறுத்த பொருக்கு, சிகரெட் நெருப்பால் சுட்டது போல. புதரிலும் வயல் வரப்பிலும் இருக்கிற பொடிப் பூச்சியின் குட்டி கடித்த இடம் அது. வலிக்காது, அரிக்காது. ஆனால் அது கண்ணில் பட்டுவிட்டால் 'ஸ்க்ரப் டைபஸ்' என்று கிட்டத்தட்ட முடிவு செய்துவிடலாம். ஆய்வக முடிவு வருவதற்கு முன்பே டாக்ஸிசைக்ளின் தொடங்கிவிடலாம். மழைக்காலமும் அதை ஒட்டிய பனிக்காலமும் தமிழ்நாட்டில் இதற்கு உகந்த காலம். கவனிக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம் என்று பரவிக் கொல்லும். முற்றிய நோய்க்கு டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்துக் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்லது என்று நிரூபித்தது யார்? நம் வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில் இந்தியாவின் 7 மையங்கள் சேர்ந்து நடத்திய ஆய்வு! 2023ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' வெளியிட்டது. வரப்பில் தொடங்கி உலகின் பெரிய மருத்துவ இதழ் வரை போன பாதை அது. அதன் முதல் படி, அக்குளைத் தூக்கிப் பார்க்கிற ஒரு டாக்டர்.

எழுந்து கதவருகே போன பிறகு திரும்பி, "அப்புறம் டாக்டர், ஒண்ணுமில்ல, நெஞ்சுல கொஞ்சம் வாய்வு மாதிரி…" என்று இழுப்போமே, அந்த நொடியில் டாக்டரின் முதுகு நிமிர்வதைக் கவனியுங்கள். வந்த காரணம் முட்டிவலி. உண்மையான காரணம் இப்போதுதான் வாயிலிருந்து வருகிறது. "உக்காருங்க ஐயா. நடந்தா கூடுதா? இடது கை வலிக்குதா? வேர்த்துச்சா?" உடனே ஈ.சி.ஜி. தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் 2023ல் 'இதயம் காப்போம்' திட்டம் வந்ததிலிருந்து மாரடைப்பு என்று தெரிந்ததும் கொடுக்க 14 மாத்திரைகள் தயாராக இருக்கின்றன: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8. கடற்கரை ஊரிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஆகிற நேரத்தில் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தை இந்த மாத்திரைகள் வாங்கித் தருகின்றன. வாய்வு என்று சோடா குடித்துவிட்டுப் படுத்தவர்களில் எத்தனை பேரை இழந்திருக்கிறோம்!

மாரடைப்பு வரும் முன்பே கவனிக்க வேண்டியது பிரஷர். அந்த விஷயத்தில் எனக்கு மிகப் பிடித்தவர் ஜூலியன் டியூடர் ஹார்ட். வேல்ஸில் கிளின்கோரூக் என்ற நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில் பல பத்தாண்டுகள் டாக்டராக இருந்தார். வருகிறவருக்கு மட்டும் பிரஷர் பார்த்தால் போதாது, ஊரில் வயது வந்த எல்லோருக்கும் பார்ப்பேன் என்று கிளம்பினார், பார்த்தும்விட்டார்! உப்புக்கும் ரத்த அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய ஊர் மக்களே ஒத்துழைத்தார்கள். மருத்துவ வசதி மிகத் தேவைப்படுகிற இடத்தில்தான் அது மிகக் குறைவாகக் கிடைக்கிறது என்று 1971ல் அவர் 'லான்செட்டில்' எழுதியது இன்று உலகெங்கும் மேற்கோளாகிறது. 25 வருஷ உழைப்பின் கணக்கை 1991ல் வெளியிட்டபோது, பக்கத்து ஊரைவிட அவர் ஊரில் 65 வயதுக்குள் இறப்பவர்கள் குறைந்திருந்தார்கள்.

கட்டுமாவடியின் உப்பு கருவாட்டில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்கிறது. இதை அப்படியே சொன்னால் யார் கேட்பார்கள்? கருவாட்டை விடு என்று ஒரு மீனவர் வீட்டு அம்மாவிடம் சொல்கிற டாக்டரிடம் அந்த அம்மா மறுபடி வரமாட்டார். நல்ல குடும்ப டாக்டர் சமையலறைக்குள் நுழைவார். "கருவாட்ட நல்லா ஊறவச்சு அந்தத் தண்ணியக் கொட்டிட்டு, குழம்புல தனியா உப்புப் போடாம வச்சுப் பாருங்கம்மா. ஊறுகா அன்னைக்கு வேண்டாம்." பிரஷர் மாத்திரைச் சீட்டைவிட இந்த ஒரு வாக்கியம் அதிக நாள் வேலை செய்யும். பொதுச் சுகாதாரக் கல்வி என்று பெரிய பெயரில் அழைக்கிறோமே, அது இவ்வளவு நெருக்கமாக, இவ்வளவு வீட்டு வாசனையோடு இருக்கலாம்! 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். டாக்டரின் மேசை இப்போது வாசல்படி வரை நீண்டுவிட்டது.

ஊருக்குச் சொல்லிக்கொடுப்பதில் புதுக்கோட்டை யாருக்கும் சளைத்தது இல்லை. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் இந்த மாவட்டப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. 1992 மகளிர் நாளில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் சைக்கிளில் போனார்கள்! பாறை உடைக்கிற பெண்கள், விவசாயக் கூலிப் பெண்களோடு கிராம சுகாதாரச் செவிலியர்களும் சைக்கிள் பிரியர்களாக இருந்தார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். தடுப்பூசிப் பெட்டி கிராமத்துக்குப் போக அந்தச் சக்கரங்கள் எவ்வளவு உதவியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதற்கும் வெகு முன்னால் இதே மண்ணில் 1886ல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1912ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். தங்கையைப் புற்றுநோயில் பறிகொடுத்த துயரத்தை 1954ல் அடையாறு புற்றுநோய் நிலையமாக மாற்றினார், சட்டமன்றத்துக்குள்ளும் பெண்களின் நலத்துக்காகப் போராடினார். எதிர்க்கரை யாழ்ப்பாணத்தில் 1847ல் வந்திறங்கிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்துத் தமிழிலேயே மருத்துவ நூல்கள் அச்சிட்டார். இன்றும் ராஜபாளையத்தில் பொது மருத்துவம் பார்த்துக்கொண்டே டாக்டர் கு. கணேசன் பத்திரிகைகளில் தமிழில் நோய்களை விளக்கி எழுதிவருகிறார். பகலெல்லாம் நோயாளி பார்த்துவிட்டு ராத்திரி உட்கார்ந்து எழுதுவது லேசான காரியம் இல்லை. இவர்களை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

ஊரில் சிலரைக் 'கைராசி டாக்டர்' என்போம். அந்தக் கைராசிக்குள் என்ன இருக்கிறது என்று இப்போது உங்களுக்கே தெரியும். தரையிலா கட்டிலிலா என்ற கேள்வி. சில்லென்ற கையைத் தொட்ட விரல். மூன்று தலைமுறை உடம்பை நினைவில் வைத்திருக்கிற பொறுமை. சரியாகச் சொன்ன "ரெண்டு நாள்". இவற்றில் எதையும் காசு கொடுத்து வாங்க முடியாது. ஆனால் எழுதி வைத்து அடுத்தவருக்குக் கொடுக்க முடியும், அதுதான் நம் கரையில் இன்னும் நிறைய நடக்க வேண்டியது.

ஆகவே இந்தக் கரைக்கு வேலைக்கு வருகிற இளம் டாக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். தயவுசெய்து ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி, ஊர், எந்த மீன் குத்தியது, எந்தப் பாம்பு, எத்தனை மணிக்கு வந்தார், எப்போது தேறினார் என்று எழுதுங்கள். பெயர் வேண்டாம். ஆய்வாக்க நினைத்தால் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் நோயாளியின் சம்மதமும் வாங்கிக்கொள்ளுங்கள். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கிவிட்டது. உங்கள் ஒவ்வொரு வரியும் இப்போது கணக்கில் சேரும். மீன் ஏலம் நடக்கிற இடத்தில் நாலு பேர் பார்வை படும்படி சுடுநீர் பற்றி ஒரு பலகை வையுங்கள்.

கடலுக்குப் போகிறவர் இருக்கிற வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. திருக்கையோ கெளுத்தியோ குத்தினால் முதலில் பொறுக்கக்கூடிய சுடுநீர், உடனே டாக்டர். கடல்பாம்பு கடித்தால், வலிக்காவிட்டாலும், கையைக் காலை ஆட்டாமல் நேராக ஆஸ்பத்திரி. சுகர் உள்ளவருக்குக் கடலில் சின்னக் காயம் பட்டாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். டாக்டரிடம் போகும்போது பழைய மாத்திரை அட்டைகளை மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுபோங்கள், கதவருகே சொல்ல வைத்திருப்பதை உட்கார்ந்தவுடனே சொல்லுங்கள். இன்று இரவு சாப்பிட உட்காரும்போது இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.